டாக்டரின் இடது கைக்கு ஒரு வரைபடம்

அந்தமானின் அபர்டீன் பஜாரில் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி ஆட்டுக் கண் வாங்கிய பெண் அநேகமாக நான் ஒருத்திதான். வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஆறரை மணிக்கு, டிபன் கேரியரோடு கறிக்கடையில் நிற்பேன். முதல் நாள் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெஹன்ஜி, ஆங்க் கா க்யா பனாவோகி?" என்றார். கண்ணை வைத்து என்ன சமைக்கப் போகிறாய் என்று கேள்வி. பக்கத்தில் நின்ற வங்காளி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். சமைக்க இல்லை, தைக்க என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார். அடுத்த தடவையிலிருந்து என் தலை தெரிந்ததும் கண்களைத் தோண்டி எடுத்து வாழையிலையில் கட்டிவிடுவார். மீன்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய ஐஸ் துண்டுகளுக்கு நடுவே அதை வைத்து மூடிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் போர்ட் பிளேயரில், காட்டு மரங்களை அளந்து வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்தில், மெல்லிய தாளில் படம் வரைந்தெடுக்கும் டிரேசராக இருந்தேன். எங்களுக்கு விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள் ஜோடி ஜோடியாக வரும். ஒரே காட்டைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு இடத்திலிருந்து எடுத்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மேலே ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடிக் கருவியை வைத்துப் பார்த்தால், இடது கண் இடது படத்தையும் வலது கண் வலது படத்தையும் பார்க்கும். சட்டென்று காகிதத்திலிருந்து காடு எழுந்து நிற்கும். எந்த மரம் எவ்வளவு உயரம் என்று மேஜையில் உட்கார்ந்தபடியே அளந்துவிடலாம். இந்த வேலையில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அடக்கமாகச் சொல்ல வராததால் நேராகவே சொல்லிவிடுகிறேன். தலைமை டிராஃப்ட்ஸ்மேனே சந்தேகம் வந்தால் என் மேஜைக்குத்தான் வருவார்.

எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் இருந்தது. மரங்களின் நிழல் நம்மை நோக்கி விழுகிற மாதிரி படத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தால் கண் ஏமாந்துபோய் மேட்டைப் பள்ளம் என்று நினைத்துவிடும். அதனால் எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் நிழலைப் பார்ப்போம், தேவையானால் திருப்பி வைப்போம், பிறகுதான் கண்ணாடி. மூன்று வருஷத்தில் அது எனக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி ஆகிவிட்டது.

இதற்கும் ஆட்டுக் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நடுவில் என் அக்கா இருந்தாள்.

அக்கா, படகில் போய்ச் சேரும் ரங்கத் என்ற ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். அப்பா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து மரக் காண்ட்ராக்டரிடம் வேலைக்கு வந்தவர். அவர் போன பிறகு எங்களுக்கு இந்தத் தீவைத் தவிர வேறு ஊர் இல்லை. அக்காவுக்கு இருபது வயதில் விறகு பிளக்கும்போது சிலாம்பு தெறித்து வலது கண்ணில் ஏறியது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கப்பலுக்குக் காத்திருந்த நாட்கள், கப்பலில் போன நாட்கள் எல்லாம் சேர்ந்து, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காட்டும்போது கண்ணை எடுத்துவிடுவதைத் தவிர வழி இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்று. அதிலும் முப்பத்தைந்து வயதிலேயே புரை விழுந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகளை எழுந்து வாசிக்கச் சொல்லுவாள், காதால் கேட்டே திருத்துவாள். கரும்பலகையில் கை பழகிய உயரத்தில் எழுதுவாள். இப்படி ஒரு வருஷம் ஓட்டினாள். கண் தெரியாத டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வார்களா என்ற பயம். எனக்கே தெரியாது. லீவுக்கு என்னிடம் வந்தவள் வெந்நீர்ச் சொம்பு என்று நினைத்து ஸ்டவ்வைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் டாக்டர் மதுரைப் பக்கத்து அம்மாள். தீவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காவைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"புரை முத்திடுச்சும்மா. எடுத்தாப் பார்வை வரும். ஆனா இருக்கிறதே ஒத்தக் கண்ணு. அதோட இந்த இருமல்."

சாக்பீஸ் தூளோ என்னவோ, அக்காவுக்கு எப்போதும் ஒரு வறட்டு இருமல்.

"பழைய முறையில ரெண்டே ரெண்டு தையல் போட்டு, தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சு, பத்து நாள் அசையாமப் படுக்க வைப்போம். உங்க அக்கா பத்து நிமிஷம் இருமாம இருப்பாங்களா? ஒரு இருமல்ல தையல் விட்டுச்சுன்னா கண்ணு போயிரும். இவங்களுக்கு நெருக்கமா ஏழு தையல் போடணும். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது."

"போடுங்க டாக்டர்."

"என்னால இன்னும் முடியலையே," என்றார்.

ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. நெற்றியில் கட்டிக்கொள்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வரவழைத்து, முடியை விட மெல்லிய பட்டு நூலால் அவர் ஆட்டுக் கண்ணைக் கீறித் தைத்துப் பழகிக்கொண்டிருந்தார். வலது கையில் ஊசி. இடது கையில் காயத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள ஃபோர்செப்ஸ் என்கிற சின்ன இடுக்கி. தைத்து முடித்துப் பார்த்தால் காயத்தின் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்துக்குக் கீழே இறங்கி, படிக்கட்டு மாதிரி நிற்கும். அந்த இடத்தில் நீர் கசியும். ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஊசி ஏறும் நேரத்தில் இடது கை ஏதோ செய்கிறது, ஆனால் ஊசியைப் பார்க்கும் கண்ணால் அந்த நேரத்தில் இடது கையைப் பார்க்க முடிவதில்லை.

"ஊசி ஏறும்போது அந்த இடுக்கி எங்க இருக்குன்னு யாராவது அளந்து சொன்னா போதும்," என்று சலித்துக்கொண்டார்.

"நான் சொல்றேன்," என்றேன். "நூறடி மரத்தையே காகிதத்துல அளக்குறேன். உங்க இடுக்கியை அளக்க மாட்டேனா?"

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு காமிரா இருந்தது. பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த மலையாளியிடம் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. அதை வாங்குவதற்கு அவர் கடையில் நான் ஒரு வாரம் போய் உட்கார்ந்தேன். தொல்லை தாங்காமல்தான் கொடுத்தார். இரண்டையும் ஒரு படாக் மரப் பலகையில் ஒரு சாண் இடைவெளியில் பொருத்தி, மேஜையின் எதிர்ப்பக்கம், டாக்டருக்கு நேர் முன்னால், குனிந்து பார்க்கும் உயரத்தில் நிறுத்தினோம். டாக்டரின் கை நிழல் விழாமலிருக்க விளக்கும் என் பக்கமே நின்றது. ஊசி பிடிக்கும் கருவியின் முனையில் ஒன்று, இடுக்கியின் முனையில் ஒன்று, வெள்ளைப் பெயிண்டால் கடுகளவு பொட்டு வைத்தேன். பிறகு எந்தப் படத்தில் பார்த்தாலும் அந்தப் பொட்டைத் தேடிப் பிடித்துவிடலாம்.

எங்களோடு ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் இருந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். கழுத்தில் சிலுவை, வாயில் எந்நேரமும் கிண்டல். மத்தியானம் ஓ.பி. முடிந்ததும் ஆட்டுக் கண்ணைத் துணியால் மூடுவார். துணியின் ஓட்டை வழியாகத் தைக்கிற இடம் மட்டும் தெரியும். ஒரு தையலுக்கு மூன்று படம்: ஓரத்தைப் பிடிக்கும்போது, ஊசி ஏறும்போது, நூலை இழுக்கும்போது. இரண்டு காமிராவையும் என் இரண்டு கட்டைவிரல்களால் ஒரே நேரத்தில் அழுத்துவேன். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில், "இருங்க டாக்டர், ஃபிலிம் சுத்தணும்," என்பேன். கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு டாக்டர் பல்லைக் கடிப்பார். "கல்யாண வீட்டுலகூட இம்புட்டுப் படம் எடுக்க மாட்டாகட்டி," என்பார் சிஸ்டர்.

மலையாளி கழுவிக் கொடுத்த படங்களை நான் அலுவலகத்தில் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பொட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். டிரேசிங் தாளில் வலது கைக்கு நீலக் கோடு, இடது கைக்குச் சிவப்புக் கோடு. ஏழு தையலுக்கும் நீலக் கோடு ஒழுங்காகப் போனது. சிவப்புக் கோடு மட்டும் ஊசி ஏறும் நேரத்தில் ஒவ்வொரு தடவையும் மேலே எழும்பியது. அரை மில்லிமீட்டர். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் கால் தரையில் படவில்லை.

"டாக்டர், குத்தவாளியைப் பிடிச்சிட்டேன்," என்று தாளை விரித்தேன். "ஊசி ஏறும்போது இடுக்கியை மேல தூக்குறீங்க. ஓரத்தை அப்படியே கூட்டிக்கிட்டு வருது."

டாக்டர் அந்தச் சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "தூக்குறேனா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சிஸ்டர், "எனக்கென்னமோ அமுக்குதாக மாதிரித்தான் தெரியுது," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்க வெறுங்கண்ணுக்கு அரை மில்லிமீட்டர் தெரியுமா சிஸ்டர்?"

"வெறுங்கண்ணுதான்ட்டி. ஆனா பதினெட்டு வருசமா தியேட்டர்ல பாக்குற கண்ணு."

"கருவி பொய் சொல்லாது," என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

டாக்டர் என் பேச்சை நம்பினார். இடுக்கியைத் தாழ்த்தித் தாழ்த்திப் பழகினார். அடுத்த வாரப் படங்களில் சிவப்புக் கோடு இன்னும் உயரே போயிருந்தது. "இன்னும் இறக்குங்க," என்றேன். அதற்கடுத்த வாரம் அதைவிட உயரம். ஆட்டுக் கண்களில் காயம் முன்னைவிட மோசமாக ஒழுகியது. நான் சலிக்காமல் சொன்னேன்: "இறக்குங்க டாக்டர், இன்னும் இறக்குங்க." மூன்றாவது வாரக் கடைசியில் அவர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எறிந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"போதும்மா. நான் கீழ போகச் சொல்றேன், கை மேல போகுது. என் கையே என் பேச்சைக் கேக்கல. இந்தக் கையோட உங்க அக்கா கண்ணைத் தொட மாட்டேன். மெயின்லேண்டுக்கு எழுதித் தர்றேன். அடுத்த கப்பல்ல கூட்டிட்டுப் போயிரு."

அடுத்த கப்பல் பத்து நாளில் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா உலை அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"ஒரு கண்ணை அந்தக் கப்பலுக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணையும் குடுக்க மாட்டேன். தெரியுற வரைக்கும் தெரியட்டும், விடுடி."

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். பயந்து ஒதுங்குகிறீர்கள் என்றேன். அரசாங்கச் சம்பளம் எதற்கு என்றேன். சிஸ்டர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இந்த அம்மாளுக்கு எந்தத் தையலில் எவ்வளவு தவறு என்று மறுபடியும் அளந்து, தாளை அவர் மேஜையில் வைத்து, திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விட்டுவிட்டீர்கள் என்று நிரூபிக்கப் போகிறேன் என்ற வீம்போடு அலுவலகத்துக்குப் போய் எல்லாப் படங்களையும் எடுத்து வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். ஐந்தாவது தையல் படத்தை வைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தேன். தையல் நூலின் ஒரு முனை இடுக்கியின் மேலே குறுக்காகக் கிடந்தது. அது நூலுக்கடியில் இருக்கும் இடுக்கியை மறைத்தது. அது சரி. ஆனால் கண்ணாடிக்குள் அந்த நூல் இடுக்கிக்குக் கீழே, ஆழத்தில் தெரிந்தது.

மேலே கிடந்து மறைக்கிற நூல் கீழே எப்படி இருக்கும்?

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. படங்களை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். இடது, வலது என்பதற்கு நானே பென்சிலால் எழுதிய இ, வ என்ற எழுத்துகள் தலைகீழாக இருந்தன. அப்போதுதான் புரிந்தது. விளக்கு என் பக்கம் நின்றதால் நிழல்கள் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தன. பழக்கதோஷத்தில், நிழல் என்னை நோக்கி விழட்டும் என்று ஒவ்வொரு படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அலுவலகப் படங்களில் அதனால் ஒன்றும் ஆகாது. அவை இரண்டும் ஒரே அட்டையில் ஒட்டியவை. அட்டையைத் திருப்பினால் இடது படம் வலதுக்கும் வலது படம் இடதுக்கும் தானாகவே மாறிவிடும். ஆஸ்பத்திரிப் படங்கள் உதிரி. அவற்றைத் தனித்தனியாகத் திருப்பினேனே தவிர இடம் மாற்றவில்லை. இடது கண் பார்க்க வேண்டியதை வலது கண் பார்த்திருக்கிறது. மேடு பள்ளமாக, பள்ளம் மேடாக, மூன்று வாரம்.

அப்படியானால் கண்ணின் உருண்டையே குழியாகத் தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். துணி ஓட்டையில் தெரிந்தது விரல் நகத்தளவு இடம். அதையும் நான் பார்க்கவில்லை. பொட்டுகளை மட்டுமே பார்த்தேன். கெட்டிக்காரி அல்லவா!

இரண்டு படங்களையும் இடம் மாற்றி வைத்தேன். இடுக்கி மெல்ல அமிழ்ந்தது. டாக்டர் தூக்கவே இல்லை. முதல் நாளிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தார். நான் இறக்குங்கள் இறக்குங்கள் என்று சொல்லச் சொல்ல, பாவம், இன்னும் அமுக்கியிருக்கிறார். என் அக்காவைக் கப்பலில் ஏற்றுகிறவள் டாக்டர் இல்லை, நான்.

படங்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். உச்சி வெயில், ஏற்றமான ரோடு. பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. சிஸ்டர்தான், "மொதல்ல தண்ணியைக் குடிட்டி, மூஞ்சி செவந்து கெடக்கு," என்று டம்ளரை நீட்டினார். குடித்தேன். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னேன். காலையில் பேசியதற்கும் சேர்த்து அழுதேன்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் மூன்று வாரத் தாள்களையும் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, வரிசையாக மேஜையில் பரப்பினார். சிவப்புக் கோடு முதல் வாரம் கொஞ்சம் கீழே, இரண்டாவது வாரம் இன்னும் கீழே, மூன்றாவது வாரம் அதைவிடக் கீழே. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்போ என் கை என் பேச்சைக் கேட்டுருக்கு!" என்றார். "கீழ போன்னேன், போயிருக்கு. இன்னும் போன்னேன், இன்னும் போயிருக்கு. அரை மில்லிமீட்டரைக்கூட சொன்னபடி கேட்டுருக்கு. தப்பாச் சொன்னது நீதான்." எழுந்து நின்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. "சொன்னதைக் கேக்குற கைக்குச் சரியாச் சொன்னாப் போதும். நாளைக்கு எத்தனை கண்ணு கிடைக்கும்?"

"எத்தனை வேணும்?"

"பஜார்ல இருக்கிற அத்தனையும்."

சிஸ்டர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வெறுங்கண்ணு என்னமோ சொல்லிச்சு, கேட்டாதான," என்றார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் நான் இருந்தேன்.

அடுத்த ஆறு நாளும் தினமும் தையல். தலைமை டிராஃப்ட்ஸ்மேனிடம் உண்மையைச் சொல்லி ஆறு நாளுக்கும் அரைநாள் லீவு வாங்கினேன். படங்கள் ஸ்டுடியோவிலிருந்து வந்த உடனேயே ஜோடி ஜோடியாக ஒரே அட்டையில் ஒட்டி, இடது வலது என்று சிவப்பு மையில் முன்பக்கத்திலேயே எழுதினேன். முதல் நாள் சிவப்புக் கோடு பாதி ஏறியது. மூன்றாம் நாள் ஊசி ஏறும் இடத்தில் சின்னக் குழி மட்டும் இருந்தது. ஐந்தாம் நாள் நான் அளந்தேன், திரும்ப அளந்தேன், மூன்றாம் தடவையும் அளந்தேன். ஏழு தையலுக்கும் சிவப்புக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் நேராகக் கிடந்தது.

ஆறாம் நாள் சிஸ்டர், டாக்டர் தைத்த ஆட்டுக் கண்ணுக்குள் ஊசியால் நீல மருந்து ஏற்றி, அது கல்லாட்டம் இறுகும்வரை அழுத்தினார். மூவரும் குனிந்து பார்த்தோம். தையல் வழியாக ஒரு சொட்டுக்கூட நீலம் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் அழுத்தச் சொன்னார் டாக்டர். கடைசியில் கண் வேறு பக்கம் கிழிந்து நீலம் சிஸ்டரின் வெள்ளை உடுப்பெல்லாம் தெறித்தது, தையல் விடவில்லை. டாக்டர் ஒற்றைக் காலில் குதித்தார். நான் சிஸ்டரைக் கட்டிப்பிடித்து என் ஜாக்கெட்டையும் நீலமாக்கிக்கொண்டேன். கப்பல் புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது.

கப்பல் ஊதிக்கொண்டு ஜெட்டியை விட்டுப் போன அன்று காலை அக்கா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். நான் வெளியே பெஞ்சில். டாக்டர் உள்ளே போகுமுன் என்னைப் பார்த்து, "இன்னைக்குப் படம் கிடையாது," என்றார். சுவரில் ஒரு பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தபோது சிஸ்டர் ஏழு விரல்களைக் காட்டினார்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. நாங்கள் எல்லோரும் எதற்குக் காத்திருந்தோம் என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு அது வந்தது. கண்கட்டோடு படுத்திருந்த அக்காவுக்குத் தொண்டையில் ஏதோ கரகரத்தது. அடக்கப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அடக்க முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டிலே அதிர இருமினாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல். சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். டார்ச் வெளிச்சத்தில், நெற்றிக் கண்ணாடியோடு குனிந்து, எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"காஞ்ச ஓடு மாதிரி இருக்கு. ஏழும் இருந்த இடத்துலயே இருக்கு." பிறகு அக்காவின் கன்னத்தைத் தட்டி, "நீங்க எவ்வளவு வேணும்னாலும் இருமுங்க டீச்சர்," என்றார்.

வாழ்க்கையில் எனக்குச் சந்தோஷமான நாட்கள் பல இருந்திருக்கின்றன, கல்யாண நாள் உட்பட. அந்தச் சாயங்காலத்துக்குப் பக்கத்தில் எதையும் வைக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, சோடாபுட்டிக் கண்ணாடியோடு அக்கா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். படகில் ரங்கத் வரை நானும் கூடப் போனேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அக்கா வழக்கம்போல் ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெண் கணீரென்று வாசித்தாள். அக்கா மேஜைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தச் சொல்லாமலே, "கடைசி வரிசை, சிவப்பு ரிப்பன். வாயில என்ன?" என்றாள்.

சிவப்பு ரிப்பன்காரி வாயைக்கூட மூடவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒருத்தி துள்ளி எழுந்து, "டீச்சருக்குக் கண்ணு தெரியுதுடீ!" என்று கத்தினாள். வகுப்பு முழுக்க பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது.

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... தெரியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சத்தம் அடங்கியது. கத்திய பெண்தான் மெல்லச் சொன்னாள். "போன வருசமே தெரியும் டீச்சர். ஹெட்மாஸ்டர் கிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்."

ஒரு வருஷம் அக்கா அவர்களை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"எனக்கு உங்க குரல்தான் தெரியும். மூஞ்சி தெரியாது," என்றாள். "ஒவ்வொருத்தரா இங்க வந்து நின்னு பேரைச் சொல்லுங்க."

முப்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொருவர் தாடையையும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து அனுப்பினாள். அன்று முழுவதும் வேறு பாடம் நடக்கவில்லை.